இளம்பிள்ளையில் கொதித்த கணினி ஏற்காட்டில் ஆறியது ஏன்? தெர்மல் பேஸ்ட் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

சேலைகளுக்கு ஜக்கார்டு டிசைன் போட்டுக் கொடுக்கும் ஒரு சிறிய கூடத்திலிருந்து, சென்ற சித்திரையில், ஒரு கணினி சேலத்தில் உள்ள என் பட்டறைக்கு வந்தது. கூடம் இருப்பது சேலத்தை அடுத்த, விசைத்தறி ஊரான இளம்பிள்ளையில். இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை அந்தக் கணினியின் பிராசசருக்கும் (கணக்கிடும் சில்லு), அதைக் குளிர்விக்கும் ஹீட் சிங்க் என்ற உலோகத் தகடுகளின் தொகுதிக்கும் இடையே தடவும் தெர்மல் பேஸ்ட் மாற்றப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட விலை கூடிய பேஸ்ட். மூன்றாவது முறைக்குப் பிறகும் வெயில் ஏறியதும் வேகம் குறைந்தது. இதற்கிடையில் உரிமையாளரின் மச்சான் ஏற்காட்டில் தொடங்கிய விடுதி வேலைக்காகக் கணினியை இரண்டு வாரம் மேலே கொண்டுபோய் வைத்திருந்தார். அங்கே எந்தத் தொந்தரவும் இல்லை. ஆகவே கோளாறு கணினியில் இல்லை, கீழே வரும் கரண்டில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டி, ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கியாகிவிட்டது.

“மேல இருந்தப்ப ஒரு நாள் கூட மக்கர் பண்ணலீங்க தம்பி. கீழ கொண்டாந்து வெச்ச மறுநாளே பழைய கதைதான்” என்றார் உரிமையாளர்.

“மேல ரூமுக்குள்ள எத்தனை டிகிரி இருந்துச்சுங்கண்ணா?” என்று கேட்டேன். அதை யாரும் பார்க்கவில்லை. மூன்று முறை பேஸ்ட் மாற்றியவர்களும் பார்க்கவில்லை. பிராசசரின் வெப்பத்தை மட்டும் பார்த்தார்கள். அதைச் சுற்றியிருந்த காற்றின் வெப்பத்தை எழுதி வைக்கவில்லை. இந்த நிகழ்வில் நடந்த தவறுகளில் பெரும்பாலானவை அந்த எழுதப்படாத எண்ணிலிருந்து கிளைத்தவை.

வந்த நிலை

கணினி 2021-இல் வாங்கப்பட்டது. இன்டெல் கோர் ஐ5-10400 பிராசசர். அதே பெட்டியில் வந்த ஹீட் சிங்கும் ஃபேனும். (நம் பகுதியில் கேபினெட் முழுவதையும் சி.பி.யூ. என்றே சொல்வதால், குழப்பம் வராதிருக்கச் சில்லைப் பிராசசர் என்றும் பெட்டியைக் கேபினெட் என்றும் எழுதுகிறேன்.) இந்தப் பிராசசருக்கு ஆறு கோர்கள், அதாவது தனித்தனியே கணக்கிடும் ஆறு உள் அலகுகள். அடிப்படை வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸ், ஆறு கோர்களும் ஒருசேர உழைக்கும்போது 4.0 வரை ஏற முடியும். நீடித்த உழைப்புக்கு 65 வாட் என்று இன்டெல் வரையறுத்திருக்கிறது. உள் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தொட்டதும், தன்னைக் காத்துக்கொள்ள அது தானாகவே வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொள்ளும்.

துளையிட்ட அட்டைகளால் தறியில் டிசைனை விழச் செய்யும் ஜக்கார்டு ஓட்டிய காலம் போய், எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்ட பிறகு, டிசைன் கூடங்களில் கணினி நாள் முழுவதும் ஓடுகிறது. டிசைனைக் கட்டம் கட்டமாகத் திருத்துவது பிராசசருக்குப் பெரிய வேலையன்று. முந்தியும் மடிப்பும் தெரியும்படி, சேலையை உடுத்திய தோற்றத்தில் வாடிக்கையாளருக்குப் படம் உருவாக்கும்போதுதான் ஆறு கோர்களும் முழுமூச்சில் இயங்குகின்றன. முன்பு இருபது நிமிடத்தில் முடிந்த அத்தகைய படம், இப்போது இருபத்தாறு, இருபத்தேழு நிமிடம் எடுக்கிறது என்பதுதான் உண்மையான முறையீடு. உரிமையாளர் அதைத் “தவழுது” என்று சொன்னார்.

இரண்டு முறை தானாக அணைந்ததாகவும் சொன்னார். அதைப் பேஸ்ட் கணக்கில் சேர்க்கவில்லை. 100 டிகிரியில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் பிராசசர், ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்வரை, எளிதில் அணைந்துவிடாது. யூபிஎஸ் பேட்டரியைச் சோதித்தபோது அது அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை, மாற்றச் சொன்னேன். மாற்றிய பிறகு அந்தத் தொந்தரவு வரவில்லை.

எதையும் கழற்றுவதற்கு முன் அளந்தேன். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் நீடித்த மின்வரம்பை 65 வாட்டில் நிறுத்தி, ஃபேனை முழு வேகத்தில் பூட்டி, கேபினெட்டை மூடியபடியே, பிராசசரை முழுமூச்சில் உழைக்க வைக்கும் பிரைம்95 மென்பொருளை அரை மணி நேரம் ஓட்டினேன். ஃபேன் வேகத்தைப் பூட்டுவது முக்கியம். பூட்டாவிட்டால் வெப்பத்துக்கு ஏற்ப ஃபேன் வேகமும் மாறும், இரண்டு அளவீடுகளை ஒப்பிட முடியாது. காற்று உள்ளே நுழையும் முன்புறத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டேன். அது 33 டிகிரி காட்டியது. பிராசசர் 100 டிகிரியில் முட்டி நின்றது. அதன் மின் நுகர்வு 65-இல் நிலைக்காமல் 50 வாட்டுக்கு இறங்கிவிட்டது.

கழிக்க வேண்டிய எண்

மாம்பழத்தைக் கூடையோடு நிறுத்தால் கூடையின் எடையைக் கழிக்காமல் யாரும் விலை பேசுவதில்லை. பிராசசரின் வெப்பத்துக்கு, உள்ளே நுழையும் காற்றின் வெப்பம்தான் அந்தக் கூடை. 100-இலிருந்து 33-ஐக் கழித்தால் 67. அந்த 67 டிகிரி 50 வாட்டால் வந்தது. எனவே ஒரு வாட்டுக்கு 1.34 டிகிரி. ஹீட் சிங்க், ஃபேன், பேஸ்ட், பொருத்தம் ஆகிய நான்கும் சேர்ந்த தடையை அந்த ஒற்றை எண் சொல்கிறது. அறை சூடானாலும் குளிர்ந்தாலும் அந்த எண் பெரிதாக மாறாது; மாறினால் இந்த நான்கில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று பொருள்.

இதை வைத்து ஏற்காட்டுப் புதிரை அவிழ்க்கலாம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணினி அங்கே இருந்தது தை மாதத்தில். அறைக்குள் 19 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 100 டிகிரியைத் தொட இன்னும் 81 டிகிரி இடமிருக்கிறது. 81-ஐ 1.34-ஆல் வகுத்தால் 60 வாட். முழுச் சோதனையில்கூட 65-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது; அன்றாட வேலையில் குறை தெரியவே தெரியாது. இளம்பிள்ளையில் கேபினெட் மேசையின் அடியறைக்குள் கதவு மூடி வைக்கப்பட்டிருந்தது. நான் போய்ப் பார்த்தபோது கூடத்தில் 36 டிகிரி, அடியறைக்குள் 44. மிச்சமிருக்கும் இடம் 56 டிகிரி; வகுத்தால் 42 வாட்.

கோளாறு மேலேயும் இருந்தது. மலைக் குளிர் அதை மறைத்திருந்தது. ஸ்டெபிலைசருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இரண்டாவது முறை பேஸ்ட் மாற்றியவர் “பத்து டிகிரி குறைஞ்சிருச்சு” என்று சொல்லிவிட்டுப் போனதாகவும், அது உண்மையாகவே திரையில் தெரிந்ததாகவும் உரிமையாளர் நினைவுகூர்ந்தார். அவர் பொய் சொல்லவில்லை. முன் அளவீடு புரட்டாசியில் எடுத்தது, பின் அளவீடு மார்கழியில் எடுத்தது. அந்தப் பத்து டிகிரியில் பேஸ்ட்டின் பங்கு எவ்வளவு, மார்கழியின் பங்கு எவ்வளவு என்பதை இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஹீட் சிங்கைக் கழற்றியபோது

முதலில் பஞ்சை எடுத்தேன். விசைத்தறிகள் ஓடும் ஊரில் ஹீட் சிங்கின் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் இடையே தூசி மட்டும் சேர்வதில்லை. நூல் பஞ்சு கம்பளிபோல் படிந்துவிடும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷாலும் புளோயராலும் சுத்தம் செய்தேன். ஃபேனைப் பிடிக்காமல் காற்றை அடித்தால் அது தன் வரம்பை மீறிச் சுற்றிப் பேரிங் கெடும். வேறெதையும் தொடாமல் மறுபடி சோதித்ததில், 33 டிகிரி அறையில் 100 டிகிரிக்கு 56 வாட் வந்தது. 1.34 என்பது 1.20 ஆனது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் போதாது. இந்த ஹீட் சிங்க் சரியாகப் பொருந்தியிருந்தால் 0.8-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்பது இதே மாடல்களைப் பார்த்த பழக்கத்தில் எனக்குத் தெரியும்.

பிறகு ஹீட் சிங்கைக் கழற்றினேன். பேஸ்ட் வேலையில் அதிகம் சொல்லும் சாட்சி, கழற்றிய கணத்தில் இரு பரப்புகளிலும் தெரியும் தடம்தான். அதைத் துடைப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் தடம் தெளிவாகப் பேசியது. ஒரு மூலையில் பேஸ்ட் கிட்டத்தட்டக் கண்ணாடிபோல் மெலிந்து, உலோகத்தின் நிறம் தெரிந்தது. எதிர் மூலையில் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனில் தோசை மாவுபோல் கிடந்தது; அதன் விளிம்பில் பேஸ்ட் ஹீட் சிங்கைத் தொடவே இல்லை, போட்டபோது இருந்த மேடு அப்படியே இருந்தது. ஹீட் சிங்க் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

காரணம் அந்த மூலையின் பின். இன்டெல் பெட்டியில் வரும் ஹீட் சிங்கை நான்கு பிளாஸ்டிக் பின்கள் மதர்போர்டில் பிடித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு பின்னிலும், பிளந்த கால்களைக் கொண்ட வெளிப்பகுதி முதலில் துளைக்குள் இறங்க, அதன் நடுவே கறுப்புத் தண்டு இறங்கிக் கால்களை அகலப்படுத்திப் பூட்டுகிறது. இந்தப் பின்னின் ஒரு கால் மடங்கி நசுங்கியிருந்தது. மேலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோல் தெரிந்தன. மதர்போர்டைத் திருப்பிப் பின்புறத்திலிருந்து பார்த்தபோதுதான் மூன்று மட்டும் விரிந்திருப்பது தெரிந்தது. முதல் முறையோ இரண்டாம் முறையோ மாட்டும்போது கால் மடங்கியிருக்க வேண்டும். அதன் பிறகு போட்ட எந்தப் பேஸ்ட்டும், எத்தனை விலையானாலும், ஒரு மூலை தூக்கிய ஹீட் சிங்குக்கு அடியில்தான் போய் விழுந்தது.

எந்தப் பேஸ்ட்

பேஸ்ட் குளிர்விப்பதில்லை. குளிர்விப்பது ஹீட் சிங்கும் அதன் வழியே ஓடும் காற்றும். பளபளப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தாலும், நுண்ணளவில் மேடுகள் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. பள்ளங்களில் காற்று நிற்கிறது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஏறக்குறைய 400 (ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்ற அலகில்), அலுமினியத்தின் கடத்துதிறன் 237 என்றால், அதே அலகில் அசையாத காற்றின் கடத்துதிறன் 0.026. அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உட்காருவதே பேஸ்ட்டின் ஒரே வேலை. டிவி மெக்கானிக்குகள் டிரான்சிஸ்டருக்குத் தடவும் வெள்ளை காம்பவுண்ட், சிலிக்கோனில் துத்தநாக ஆக்சைடைக் கலந்தது. அதன் எண் 1-ஐ ஒட்டி இருக்கும். கணினிக்கென்று விற்கப்படும் நல்ல பேஸ்ட்டுகளில் 4 முதல் 12 வரை அச்சிட்டிருப்பார்கள். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 என்பதற்கு 8.5 என்று அதன் தயாரிப்பாளர் அறிவித்திருந்தார். இந்த எண்களை எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளப்பதில்லை, ஆகவே 8.5-ஐயும் 12-ஐயும் தராசில் வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதில் பயன் உண்டு. பிராசசரின் உலோக மூடி தோராயமாக 3 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர், அதாவது 9 சதுர சென்டிமீட்டர். வெள்ளைக் காம்பவுண்ட்டை 0.05 மில்லிமீட்டர் மெல்லிய படலமாக அழுத்தினால் அது தரும் தடை ஒரு வாட்டுக்கு 0.056 டிகிரி. 8 என்று அச்சிட்ட விலையுயர்ந்த பேஸ்ட் அரை மில்லிமீட்டர் தடிமனில் கிடந்தால் அதன் தடை 0.069 டிகிரி. தடிமனாகக் கிடக்கும் உயர்ந்த பேஸ்ட்டைவிட, மெல்லியதாக அழுந்திய மலிவான பேஸ்ட்டே மேல். பேஸ்ட்டே இல்லாமல் 0.1 மில்லிமீட்டர் காற்று மட்டும் பரப்பு முழுவதும் நின்றால் தடை 4 டிகிரியைத் தாண்டிவிடும். ஒரு மூலையில் மட்டும் காற்று நின்ற இந்தக் கணினியில் 1.20 வந்தது இதனால்தான் வியப்பளிக்கவில்லை.

உரிமையாளரின் உறவினர் ஒருவர் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்பவர். கணினியைத் திரும்ப எடுத்துச் செல்ல உடன் வந்திருந்த அவர், சாம்பல் நிறப் பேஸ்ட்டைக் கையில் எடுத்து, “இதுல எத்தனை டச் வெள்ளிங்க?” என்று கேட்டார். டச் என்பது வெள்ளியின் தூய்மை அளவு. சேலத்தில் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி. சாம்பல் நிறப் பேஸ்ட்டை எல்லாரும் சில்வர் பேஸ்ட் என்று சொன்னாலும், பெரும்பாலானவற்றில் வெள்ளி கிடையாது. அலுமினியமோ அதன் ஆக்சைடோ கரித்துகளோ இருக்கும். உண்மையிலேயே வெள்ளித் துகள் கலந்தவையும் உண்டு. வெள்ளிக் கட்டியின் எண் 429 என்றாலும், துகளுக்கும் துகளுக்கும் நடுவே எண்ணெய் நிற்பதால் அந்தப் பேஸ்ட்டுகள் 10-ஐத் தொடுவதே அரிது. உருக்கி வார்த்த கொலுசையும் எண்ணெயில் குழைத்த வெள்ளிப் பொடியையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்று சொன்னதும் அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

லிக்விட் மெட்டல் போடலாமா என்பது அடுத்த கேள்வி. இந்த ஹீட் சிங்குக்குக் கூடவே கூடாது. லிக்விட் மெட்டல் என்பது காலியத்தை அடிப்படையாகக் கொண்ட கலவை. காலியம் 29.8 டிகிரியில் உருகும். சித்திரை வெயிலில் சேலத்து மேசைமேல் வைத்தாலே ஓடிவிடும். கலவையோ அதைவிடக் குறைந்த வெப்பத்திலும் திரவமாகவே இருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி சிந்தினாலும் மதர்போர்டு போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலியம் அலுமினியத்துக்குள் ஊடுருவி அதை நொறுங்கச் செய்துவிடும். அலுமினிய ஹீட் சிங்கில் அதைப் போடுவது, பொருளைக் காப்பாற்றப் போய் அரித்துப் போடுவதாகும்.

சுமார் 45 டிகிரியில் இளகி இடைவெளியை நிரப்பும் ஹனிவெல் பிடிஎம்7950 போன்ற தாள்களும் கிடைக்கின்றன. லேப்டாப்பில், வெப்பம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பரப்புகள் விரிந்து சுருங்கிப் பேஸ்ட்டை மெல்ல மெல்ல ஓரத்துக்குத் தள்ளிவிடும் இடத்தில், அவற்றுக்குப் பொருள் இருக்கிறது. இந்தக் கணினிக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை.

நான் தேடியது, மின்சாரம் கடத்தாத, நடுத்தர விலையுள்ள, வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும் பேஸ்ட். பதம் எனக்கு அச்சிட்ட எண்ணைவிட முக்கியம். உரிமையாளர் வாங்கிய விலையுயர்ந்த பேஸ்ட் கெட்டியானது. பிளாஸ்டிக் பின்களின் அழுத்தத்துக்கு அது பரவ நேரம் பிடித்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தகரக் கூரைக் கடையில் பல மாதம் வெயிலில் இருந்த சிரிஞ்சில் எண்ணெய் தனியாகப் பிரிந்து முதலில் சொட்டும். அப்படிப்பட்டதை நான் பயன்படுத்துவதில்லை.

மிளகளவு

பழைய பேஸ்ட்டை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். மருந்துக் கடை ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு சேர்மானங்களும் இருக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். எதனால் துடைப்பது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. காபி வடிகட்டும் காகிதத்தால் துடைக்கலாம் என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்கின்றன. ஏற்காட்டுக் காபியைக் குடிக்கும் நம் வீடுகளில் இருப்பது பித்தளை ஃபில்டர். இளம்பிள்ளையில் துணிக்குப் பஞ்சமில்லை என்றாலும், அந்தத் துணிகளில் உதிரும் பஞ்சுக்கும் பஞ்சமில்லை. ஒரு நூலிழை சிக்கினாலும் படலம் தடித்துவிடும். மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி போதும். துடைத்த பிறகு விரல் படக் கூடாது.

அளவைப் பற்றி அரிசியளவு, பட்டாணியளவு என்று பலவாறாகச் சொல்கிறார்கள். இதையும் கணக்கிட்டுவிடலாம். 9 சதுர சென்டிமீட்டரில் 0.05 மில்லிமீட்டர் படலத்துக்கு வேண்டியது 0.045 கன சென்டிமீட்டர். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மிளகின் கன அளவு சுமார் 0.065. ஓரத்தில் சிறிது வழிந்தாலும் சரியாக இருக்கும். 8 மில்லிமீட்டர் பட்டாணி என்றால் 0.27, தேவையைப் போல ஆறு மடங்கு. சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களில் மரத்தில் கொடியேறிக் காய்க்கும் மிளகைத் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மூடியின் நடுவில் ஒரு மிளகளவு வைத்தேன். அட்டையால் தேய்த்துப் பரப்பவில்லை. தேய்க்கும்போது குமிழி சிக்க வாய்ப்பிருக்கிறது. நடுவில் வைத்தால் ஹீட் சிங்கின் அழுத்தமே காற்றை வெளியே தள்ளிக்கொண்டு பேஸ்ட்டைப் பரப்பும். பெரிய மூடி கொண்ட சர்வர் வகைப் பிராசசர்களுக்கு இது பொருந்தாது. அங்கே சிலுவைபோல் இழுக்க வேண்டும்.

நசுங்கிய பின்னுக்குப் பதிலாக, பட்டறையில் கிடந்த பழைய ஹீட் சிங்கிலிருந்து ஒரு பின்னை எடுத்துப் போட்டேன். மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்தே மாட்டினேன், ஏனெனில் உள்ளே வைத்து அழுத்தினால் போர்டு வளையும், பின்புறத்தையும் பார்க்க முடியாது. நான்கு பின்களின் தலைகளையும் பூட்டும் நிலைக்குத் திருப்பிவிட்டு, எதிரெதிர் மூலைகளில் இரண்டிரண்டாக அழுத்தினேன். நான்கு சொடுக்குச் சத்தம் கேட்க வேண்டும். சத்தத்தை நம்பாமல் திருப்பிப் பார்த்து, நான்கு கால்களும் விரிந்திருப்பதை உறுதி செய்தேன். ஒரு முறை உட்கார்ந்த ஹீட் சிங்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு அதே பேஸ்ட்டின்மேல் திரும்ப வைக்கக் கூடாது. தூக்கியதும் காற்று நுழைந்துவிடும், துடைத்துப் புதிதாகத்தான் போட வேண்டும்.

ஏஎம்டியின் ஏஎம்4 வகைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. அதில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டால், பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரையே பிடுங்கிக்கொண்டு ஹீட் சிங்க் மேலே வரும். கணினியைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி அணைத்துவிட்டு, ஹீட் சிங்கை இப்படியும் அப்படியும் மெல்லத் திருகித் தளர்த்திய பிறகே தூக்க வேண்டும். ஐ5-10400 இரும்புத் தகட்டால் பிடிக்கப்பட்டிருப்பதால் அந்த ஆபத்து இதில் இல்லை.

பொருத்தத்தின் பங்கையும் பேஸ்ட்டின் பங்கையும் பிரித்தறிய, மூன்று பேஸ்ட்டுகளை அடுத்தடுத்துப் போட்டுச் சோதித்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை கழற்றி மாட்டினேன். உரிமையாளர் வாங்கி மிச்சமிருந்த விலையுயர்ந்த பேஸ்ட்டில் 33 டிகிரி அறையில், முழு 65 வாட்டில், 84 டிகிரி. நான் தேர்ந்த நடுத்தர விலைப் பேஸ்ட்டில் 85. வெள்ளைக் காம்பவுண்ட்டில் 89. ஒரே பேஸ்ட்டை இரண்டு முறை மாட்டியதிலேயே ஒன்றிரண்டு டிகிரி வேறுபட்டதால், 84-க்கும் 85-க்கும் இடையிலான வித்தியாசத்தை வித்தியாசமாகவே கொள்ள முடியாது. ஒரு வாட்டுக்கு என்று பார்த்தால், சாய்ந்த பொருத்தத்தில் 1.20 ஆக இருந்தது, மலிவான காம்பவுண்ட்டோடேயே 0.86-க்கு இறங்கிவிட்டது, நடுத்தரப் பேஸ்ட் அதை 0.80 ஆக்கியது. முக்கால் பங்குக்குமேல் வேலையைச் செய்தது பழைய ஹீட் சிங்கிலிருந்து எடுத்த ஒரு பிளாஸ்டிக் பின்.

இருந்தும் வெள்ளைக் காம்பவுண்ட்டை நான் கணினியில் விட்டுவிடவில்லை. முதல் நாளில் அது காட்டிய 4 டிகிரி குறை பெரிதன்று. ஆனால் மலிவான சிலிக்கோன் எண்ணெய் தொடர் வெப்பத்தில் பிரிந்து வெளியேற, மிஞ்சுவது சுண்ணாம்புபோல் காய்ந்த பொடி. நாள் முழுவதும் ஓடும் கணினிக்கு அது பொருந்தாது. நடுத்தர விலைப் பேஸ்ட்டோடு மூடினேன்.

இளம்பிள்ளையிலும் ஏற்காட்டிலும்

கேபினெட்டை மேசையின் அடியறையிலிருந்து வெளியே எடுத்து, தறிகள் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாக வைத்தோம். உள்ளே நுழையும் காற்று 44-இலிருந்து 37-க்கு வந்தது. ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைத்த ஏழு டிகிரி. அன்றைய முழுச் சோதனையில் 90 டிகிரி. அன்றாடப் பட வேலையில் எண்பதைத் தாண்டவில்லை. இருபது நிமிடப் படம் மறுபடியும் இருபது நிமிடத்தில் முடிந்தது.

ஆடியில் மறுபடி போனேன். காற்று 34, பிராசசர் 92. ஒரு வாட்டுக்கு 0.89. மூன்றே மாதத்தில் எண் ஏறியதைக் கண்டு, நான்காவது முறையும் பேஸ்ட் போய்விட்டதோ என்று உரிமையாளர் கவலைப்பட்டார். ஹீட் சிங்கைத் தொடாமல், பிரஷ்ஷால் பஞ்சை மட்டும் எடுத்துவிட்டுச் சோதித்ததில் 86. எண் திரும்பவும் 0.80. பேஸ்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பஞ்சை மாதம் ஒரு முறை அவரே எடுத்துவிடும்படி பிரஷ்ஷை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மார்கழியில் மச்சானின் விடுதிக்காகக் கணினி மீண்டும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறியது. இம்முறை பஞ்சைச் சுத்தம் செய்தே அனுப்பி, நானும் போய் அதே சோதனையை ஓட்டினேன். அறை 17 டிகிரி, பிராசசர் 72. திரையில் பார்ப்பவருக்கு இது கீழே இருந்ததைவிட மிக நல்ல நிலை. கழித்து வகுத்தால் 0.85, கீழே இருந்த 0.80-ஐவிடச் சற்று மோசம். இதற்கும் காரணம் உண்டு. ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. குளிர் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டினாலும், காற்று சுமார் பத்தில் ஒரு பங்கு மெலிந்தே இருக்கும். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தகடுகளின் வழியே போகும் காற்றின் எடை குறைவு. ஒரே ஒரு அளவீட்டை வைத்து நான் இதை அடித்துச் சொல்லவில்லை. மேலே போகும் வழியில் நான்கு பின்களில் ஒன்று தளர்ந்திருந்தாலும் எண் ஏறும் என்பதால், மதர்போர்டின் பின்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்கும் விரிந்தே இருந்தன.

உரிமையாளரின் டிசைன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது தேதி, காற்று, பிராசசர், வாட் என்று நான்கு கட்டங்கள் போட்டிருக்கிறார். அடுத்த அளவீடு பங்குனியில். அந்த எண் பஞ்சை எடுத்த பிறகும் 0.90-ஐத் தாண்டினால் மட்டுமே ஹீட் சிங்கைக் கழற்றுவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.